புதிய காரில் துணி இருக்கையா, லெதர் இருக்கையா: முன்பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

சென்ற ஆண்டு முதன்முறையாகப் புதிய கார் வாங்கியபோது, எஞ்சினையும் மைலேஜையும் பற்றி இரண்டு மாதம் விசாரித்த நான், இருக்கையைப் பற்றி இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதன் பலனாக, ஷோரூமில் பொருத்திக் கொடுத்த கவருக்கு 9,500 ரூபாயும், அதைக் கழற்றிவிட்டு வெளியில் தைத்துப் போட்ட ஆர்ட் லெதர் எனப்படும் செயற்கைத் தோல் கவருக்கு 16,000 ரூபாயும், அந்த வேலையின்போது எரியத் தொடங்கிய ஏர்பேக் எச்சரிக்கை விளக்கைச் சரிசெய்ய 2,800 ரூபாயும் செலவழித்தேன். மொத்தம் 28,300 ரூபாய் போன பிறகு, அந்தக் கவரையும் கழற்றிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த அதே துணி இருக்கையில்தான் இன்று உட்கார்ந்து ஓட்டுகிறேன்.

முதன்முறையாகக் கார் வாங்குபவர்கள் இந்தச் சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். நான் குறிப்பிடும் கடை விலைகள் எனக்குச் சென்னையில் சொல்லப்பட்டவை. உங்கள் ஊரிலும் உங்கள் வண்டிக்கும் அவை கூடக் குறைய இருக்கலாம்.

1. ‘லெதர்’ என்று சொல்லப்படுவது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விற்பனைப் பிரதிநிதி ‘லெதர் சீட்’ என்று சொன்னால், அதை மாட்டுத்தோல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுத்தர வர்க்கத்தினர் வாங்கும் விலையில் உள்ள வண்டிகளில் வருவது பெரும்பாலும் லெதரெட் எனப்படும் செயற்கைப் பொருளாகும். பின்னிய துணியின் மீது பியூ அல்லது பிவிசி என்னும் பிளாஸ்டிக் பூச்சைப் படியவைத்து, தோலின் வரிகளை அச்சாக அழுத்திச் செய்வது அது. பழைய பேருந்து இருக்கைகளில் நாம் பார்த்த ரெக்சினுக்கு இது நெருங்கிய உறவு, கொஞ்சம் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் விவரக் கையேட்டில் ‘லெதர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்துவரை போய்ப் பாருங்கள். உண்மையான தோல் என்று விற்கப்படும் வண்டிகளிலும், நாம் உட்காரும், சாயும் பரப்பு மட்டும் தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் செயற்கைப் பொருளாகவும் இருப்பது வழக்கம்.

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தால் தோலா இல்லையா என்று தெரிந்துவிடும் எனப் பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கார் இருக்கைக்கான தோலின் மேற்பரப்பில் பெரும்பாலும் நிறமும் காப்புப் பூச்சும் ஏற்றப்பட்டிருக்கும் என்பதால், அதிலும் தண்ணீர் முத்தாக உருண்டு நிற்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் இருக்கும் என் மைத்துனர், நான் பெருமையாகக் காட்டிய 16,000 ரூபாய் கவரின் மேற்புறத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தலைச்சாய்வின் அடியிலிருந்த ஜிப்பைத் திறந்து, கவரை உள்வெளியாகத் திருப்பி, பனியன் துணியைப் போன்ற வெள்ளைப் பின்னலை விரலால் இழுத்துக் காட்டினார். தோலாக இருந்தால் அந்த இடத்தில் பின்னலோ நூலோ இருக்காது, பிசிறுபிசிறான நார்தான் இருக்கும். கடையில் மாதிரித் துண்டைக் கொடுத்தால் நீங்களும் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள், அதன் மணத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். லெதர் வாசனை பாட்டிலில் கிடைக்கிறது.

பியூ, பிவிசி ஆகிய இரண்டில் எது என்பதையும் கேளுங்கள். பிவிசி கனமானது, வெயிலில் அதிகம் சுடும். அதை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் ஆண்டுக்கணக்கில் ஆவியாகி வெளியேறுவதால், விறைத்து வெடிக்கும் குணம் அதற்கு உண்டு. பியூ மென்மையானது, கையில் பட்டால் தோலைப் போலவே இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் பூச்சை மெல்ல மெல்லச் சிதைப்பதால், கடலோர ஊர்களில் மட்டமான பியூ சில ஆண்டுகளில் செதில்செதிலாக உரியத் தொடங்கிவிடும். வீட்டு சோபாவில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கம்பெனியில் வரும் லெதரெட் பொதுவாகக் கடைச் சரக்கைவிட நன்றாக உழைக்கும்.

2. நீங்கள் வாங்கப்போகும் வேரியண்டின் இருக்கையிலேயே உட்கார்ந்து பாருங்கள்

ஷோரூமில் காட்சிக்கு நிற்கும் வண்டியும், ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டியும் பெரும்பாலும் உச்ச வேரியண்டாகத்தான், அதாவது ஒரே மாடலில் அதிக வசதியும் அதிக விலையும் கொண்ட வகையாகத்தான் இருக்கும். நீங்கள் லெதரெட்டில் உட்கார்ந்து மயங்கிவிட்டு, நடு வேரியண்டுக்குப் பணம் கட்டி, ஒப்படைப்பு நாளில்தான் துணியை முதன்முறையாகத் தொட்டுப் பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது இதுதான். ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் வேரியண்ட் அவர்களுடைய கிடங்கில் நிற்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் வேறு கிளையிலாவது பார்த்து, அதில் குறைந்தது இருபது நிமிடம் உட்காருங்கள். ஒரே மாடலில் இருக்கையின் நுரைத் திணிப்பும் சட்டகமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மாறுவது உறையும், சில சமயம் உயரம் கூட்டிக் குறைக்கும் வசதியும் முதுகுத்தாங்கலும்தான். முதுகுவலி உள்ளவர்களுக்கு உறையைவிட அந்த இரண்டு வசதிகள் முக்கியம்.

முடிந்தால் நண்பகலில் போங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற லெதரெட் வண்டியில் ஏசியைப் போடாமல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி குளிரவைத்துக் கொண்டுவந்து நிறுத்தும் வண்டியில் இந்த உண்மை தெரியாது.

3. உங்கள் வீட்டுப் பழக்கத்தை எழுதிவைத்து முடிவெடுங்கள்

எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. வண்டி எங்கே நிற்கிறது, ஒருமுறை எவ்வளவு தூரம் ஓடுகிறது, யார் உட்காருகிறார்கள் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

கூரையில்லாத இடத்தில் வண்டி நிற்குமானால், சித்திரை, வைகாசி மாதங்களில் கறுப்பு லெதரெட் தொடையைச் சுடும். ஏசி அதைக் குளிர்விக்கப் பத்து நிமிடமாவது ஆகும். உங்கள் அலுவலகமே பத்து நிமிடத் தொலைவில் இருந்தால், சுடும் இருக்கையில் ஏறி, அது ஆறும் நேரத்தில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். துணி காற்றைக் கொஞ்சம் உள்ளே விடும், வியர்வையை ஓரளவு உறிஞ்சும், சட்டையின் முதுகு ஒட்டிக்கொள்ளாது. வளைவுகளில் உடல் வழுக்காமலும் இருக்கும். கறுப்புக் கூலிங் ஃபிலிம் ஒட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி என்பதையும், 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கணக்கு மாறிவிடும். பால், வாந்தி, டப்பாவிலிருந்து சரிந்த சாம்பார் சாதம் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும், லெதரெட்டில் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். துணியில் அது நுரைவரை இறங்கி, மழைக்காலத்தில் வண்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் தன் இருப்பை அறிவிக்கும். உட்புறச் சுத்தம் செய்ய எனக்கு ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய் ஆகிறது. என் வண்டியின் பின்னிருக்கைத் தலைச்சாய்வில் அம்மாவின் தேங்காய் எண்ணெய் பதித்த வட்டம் இரண்டு சுத்தத்துக்குப் பிறகும் மங்கியதே ஒழியப் போகவில்லை. இப்போது அந்தத் தலைச்சாய்வுக்கு மட்டும் ஒரு சிறு துவாலையைத் தைத்துப் போட்டிருக்கிறோம். பழைய ரயில் முதல் வகுப்பைப் போல் இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

நிறத்தைப் பொருளைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சந்தன நிற உட்புறம் ஷோரூம் விளக்கில் அழகாக இருக்கும். துணியாக இருந்தால் ஆறு மாதத்தில் கைபடும் இடமெல்லாம் அழுக்கேறும். லெதரெட்டாக இருந்தால் புது ஜீன்ஸின் நீலச்சாயம் பக்க விளிம்பில் ஏறிக்கொள்ளும். முழுக்கறுப்பும் வெயிலுக்கு ஆகாது. சாம்பலும் பழுப்பும் கலந்த நடுத்தர நிறம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றோட்ட இருக்கை உள்ள வேரியண்டாக இருந்தால் மேற்சொன்ன வெப்பக் கணக்கு பெருமளவு மாறும், ஏனென்றால் துளையிட்ட லெதரெட்டின் அடியிலுள்ள சிறு விசிறி காற்றை ஓடவைக்கும். அத்தகைய இருக்கையின் மீது எந்தக் கவரும் போடக் கூடாது, போட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் கவருக்கு அடியில் போய்விடும்.

உண்மையான தோல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கண்டிஷனர் தடவ வேண்டும், மழைக்காலத்தில் பூஞ்சை படிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி முழுவதற்கும் தோல் தைத்துப் போட எனக்குச் சொன்ன மிகக் குறைந்த விலை 55,000 ரூபாய். பத்துப் பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

4. வேரியண்ட் கணக்கை ஆன்ரோடு விலையில் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பெரும்பாலான மாடல்களில் இருக்கையை மட்டும் தனியாகத் தேர்வு செய்ய முடியாது. லெதரெட் வேண்டுமானால் ஒரு படியோ இரண்டு படியோ மேலே உள்ள வேரியண்டுக்குப் போக வேண்டும். ‘வெறும் 90,000 ரூபாய்தான் வித்தியாசம்’ என்று சொல்லும்போது அவர்கள் ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேராத எக்ஸ்ஷோரூம் விலையைத்தான் சொல்கிறார்கள். அவையெல்லாம் சேர்த்து நீங்கள் கட்டுவதுதான் ஆன்ரோடு விலை. அந்த 90,000 உங்களைப் பத்து லட்சக் கோட்டைத் தாண்டவைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட, பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரியின்படி, புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இந்த விகிதம் கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும் பொருந்துவதன்று, முழு விலைக்கும் பொருந்துகிறது. அத்துடன், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் 1 சதவீதத்தை, வாங்குபவரின் வருமான வரிக் கணக்கில் சேரும் டிசிஎஸ் என்ற பெயரில் வசூலிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, துணி இருக்கை வேரியண்ட் 9,70,000 ரூபாய் என்றும் லெதரெட் வேரியண்ட் 10,60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு ஆயுள் வரி 1,26,100 ரூபாய், இரண்டாவதற்கு 1,90,800 ரூபாய், ஆக வரியில் மட்டும் 64,700 ரூபாய் வித்தியாசம். டிசிஎஸ் 10,600 ரூபாய். 90,000 என்று ஆரம்பித்த வித்தியாசம் காப்பீட்டைச் சேர்க்காமலேயே 1,65,300 ரூபாய் ஆகிவிட்டது. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவு வைத்துக்கொள்ளலாம். அதற்கு ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்க வேண்டும். வரியாகப் போனது திரும்பாது.

கடனில் வாங்குபவர்கள் இன்னொரு படி போட்டுப் பாருங்கள். 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனுக்கு, ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 2,076 ரூபாய். ஐந்தாண்டில் அந்த லட்சம் 1,24,500 ரூபாயைத் தாண்டும்.

மேல் வேரியண்டில் இருக்கை மட்டும் வருவதில்லை என்பதும் உண்மைதான். அலாய் வீல், பெரிய திரை, பின் கேமரா என்று வேறு சிலவும் சேர்ந்து வரும். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் வெளியில் வாங்கினால் என்ன விலை என்று பக்கத்தில் குறியுங்கள். பட்டியலின் கூட்டுத்தொகை ஆன்ரோடு வித்தியாசத்தில் பாதியைக்கூட எட்டவில்லையென்றால் கீழ் வேரியண்டிலேயே நில்லுங்கள். இரண்டு வேரியண்டுகளும் பத்து லட்சக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் முடிவு எளிது. அந்த நிலையில், குழந்தையுள்ள வீட்டுக்கு நான் கம்பெனி லெதரெட்டையே சொல்வேன்.

5. வெளியில் கவர் போடுவதாக இருந்தால் ஏர்பேக்கை முதலில் பாருங்கள்

கீழ் வேரியண்டை வாங்கி, வெளியில் ஆர்ட் லெதர் போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலானோர் எடுக்கும் வழி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நின்றால், இதற்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. நானும் அங்குதான் அலைந்தேன். ஐந்து இருக்கை வண்டிக்கு 6,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய்க்கு மேலும் சொன்னார்கள்.

இங்கேதான் உயிரோடு சம்பந்தப்பட்ட பொறி இருக்கிறது. இப்போது பத்து லட்சத்துக்குக் குறைந்த பல வண்டிகளிலும் ஆறு ஏர்பேக்குகள் வருகின்றன. அவற்றில் இரண்டு, பக்கவாட்டு மோதலுக்கான பக்க ஏர்பேக்குகள். அவை பொதுவாக முன்னிருக்கைகளின் சாய்மானத்துக்குள், கதவை ஒட்டிய விளிம்பில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ‘ஏர்பேக்’ என்று அச்சிட்ட சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பக்கவாட்டில் மோதல் நடந்தால், கதவுக்கும் உங்கள் விலாவுக்கும் இடையிலுள்ள ஒரு சாண் இடைவெளிக்குள், நொடியில் நூறில் ஓரிரு பங்கு நேரத்தில் அது விரிந்தாக வேண்டும். அதற்காகவே கம்பெனி உறையில் அந்தத் தையலை மட்டும் எளிதில் பிரியும்படி தைத்திருப்பார்கள். அதன் மேல் தடித்த ரெக்சினைச் சுற்றி உறுதியான நைலான் நூலால் தைத்துவிட்டால், பை விரிவது தாமதமாகலாம், திசை மாறலாம். பக்க ஏர்பேக் உள்ள இருக்கைக்குக் கவர் போட வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களின் உரிமையாளர் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் மாடலின் கையேட்டை இணையத்தில் இறக்கி, வண்டி வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எனக்குச் ‘சலுகை விலையில்’ தரப்பட்ட ஷோரூம் கவரில் அந்த இடம் முழுவதுமாக மூடித் தைக்கப்பட்டிருந்தது. முதல் சர்வீஸில் ஒரு மெக்கானிக் கதவைத் திறந்துவிட்டு, தன் கட்டைவிரலை அந்த விளிம்பில் வைத்து அழுத்தி, ‘சார், ஏர்பேக் துணிச்சீட்டு எங்கே காணோம்?’ என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

கவர் போட்டே தீர வேண்டும் என்றால், கடைக்காரரிடம் பின்வருவனவற்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் வெட்டிய கவராக இருக்க வேண்டும். ஏர்பேக் விளிம்பு முழுவதும் திறந்திருப்பதே நல்லது. பிரியும் தையல் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் அதைச் சோதித்த சான்று எங்கே என்று கேளுங்கள், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்களுக்கும் பெல்ட் கொக்கிகளுக்கும் நடுக் கைத்தாங்கலுக்கும் தனித்தனித் திறப்பு இருக்க வேண்டும். பிரித்து மடக்கும் பின்னிருக்கையாக இருந்தால் கவரும் அப்படியே பிரிய வேண்டும். முன்பயணியின் இருக்கைக்குள் ஆள் இருப்பதை உணரும் சென்சர் இருக்கிறது. 2019 ஜூலை முதல் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். கவரை அளவுக்கு மீறி இறுக்கினால், ஆளில்லாத இருக்கைக்கும் பெல்ட் போடச் சொல்லி வண்டி ஒலித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

கவர் மாட்டும் முறையில் இரண்டு வகை உண்டு. மேலே மாட்டிக் கொக்கியாலும் வெல்குரோவாலும் இழுத்துக் கட்டுவது ஒன்று, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இருக்கையையே கழற்றி, உறைக்கு இணையாக இறுக்கித் தைக்கும் ‘பக்கெட் ஃபிட்’ மற்றொன்று, அதற்கு ஒரு முழு நாள் ஆகும். பார்வைக்கு இரண்டாவதுதான் அழகு. ஆனால் இருக்கையைக் கழற்றும்போது அடியிலுள்ள ஏர்பேக் இணைப்பியையும் கழற்ற வேண்டியிருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்த பிறகே அந்த வேலையில் கைவைக்க வேண்டும். என் வண்டியில் வேலை பார்த்த பையன், இணைப்பி கழன்றிருக்கும்போதே பாட்டுக் கேட்கச் சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, கருவியை மாட்டிப் பிழையை அழித்தால்தான் அணைந்தது. இதற்கு வாரண்டி பொருந்தாது என்று சர்வீஸ் மையத்தில் சொல்லிவிட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை ஏர்பேக் வேலை செய்யாமலும் போகலாம் என்பதால், அதைத் தள்ளிப்போடக் கூடாது. பக்க ஏர்பேக் உள்ள வண்டிக்கு ‘பக்கெட் ஃபிட்’ வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

6. முன்பதிவுப் படிவத்தில் எழுத்தில் வாங்குங்கள்

முன்பணம் கட்டும்போது தரும் ஆர்டர் படிவத்தில் மாடல், வேரியண்டின் முழுப்பெயர், வெளிநிறம், உட்புற நிறம், இருக்கை உறையின் வகை ஆகிய ஐந்தும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உட்புற நிறத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லையென்றால் குறிப்புப் பகுதியில் கையால் எழுதச் சொல்லி முத்திரை வாங்குங்கள். சில மாடல்களில் வெளிநிறத்தைப் பொறுத்து உட்புற நிறம் தானாக மாறும் என்பதால் இது அவசியம்.

கொட்டேஷனில் ‘அக்சசரீஸ் பேக்’ என்று ஒரே வரியில் 20,000, 25,000 என்று போட்டிருந்தால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துக் கேளுங்கள். அதற்குள் ஒரு சீட் கவர் நிச்சயம் ஒளிந்திருக்கும். அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேக் வாங்கினால்தான் வண்டி சீக்கிரம் வரும் என்று வற்புறுத்தினால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அத்துடன் பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ‘இலவசக் கவர்’ என்றால் அதற்குப் பதிலாக விலையில் தள்ளுபடி கேளுங்கள். நான் கேட்கவில்லை.

முன்பணத்தை ரத்துசெய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற நிபந்தனையையும் அப்போதே படித்துவிடுங்கள். வேரியண்டை மாற்றுவதாக இருந்தால், வங்கிக் கடன் ஒப்புதலுக்கு முன்பே மாற்றுங்கள். கடன் தொகை கொட்டேஷனை வைத்தே தீர்மானிக்கப்படுவதால், பிறகு மாற்றினால் புதிய கொட்டேஷன், புதிய ஒப்புதல் என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதில் ஆறு வேலை நாட்கள் போயின. வெளியில் போடும் கவருக்கு வங்கி பணம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

7. பதிவு எண் வாங்குவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

வண்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால், தவறான இருக்கை என்று சொல்லி வேறு வண்டி கேட்பது அநேகமாக நடக்காத காரியம். ஆகவே, வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண் ஒதுக்கப்பட்டதும், பதிவுக்கு அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இருக்கையின் தையலிலும் விரலை ஓட்டுங்கள். முன்னிருக்கைகளைக் கடைசிவரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பின்னிருக்கையை மடக்கி நிமிர்த்துங்கள். லெதரெட்டில் மடிப்புக் கீறல், துணியில் கிடங்கில் நின்றபோது படிந்த ஈரக்கறை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையை விலக்கிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். குறை இருந்தால் படமெடுத்து, சேசிஸ் எண்ணுடன் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

8. காப்பீட்டில் கவரைச் சேருங்கள்

புதிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு பொதுவாக எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம். கம்பெனியில் பொருத்தப்பட்ட லெதரெட் அதற்குள் அடங்கும். நீங்கள் வெளியில் போட்ட 16,000 ரூபாய்க் கவர் அடங்காது. மின்சாரம் சாராத துணைப்பொருள் என்ற கட்டத்தில் அதன் மதிப்பைத் தனியாகக் காட்டி, பிரீமியம் கட்டி, பாலிசியில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீது தேவை. பேட்டர்ஸ் சாலையில் ‘பில் வேண்டாமென்றால் விலை குறையும்’ என்று சொல்வார்கள், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ள நீர் உள்ளே வந்தால் லெதரெட் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்த எங்கள் தெரு வண்டிகளில், தையல் வழியாக ஈரம் இறங்கி நுரை ஊறியது இரண்டு வகையிலும் ஒன்றுதான். துணியை வெயிலில் உலர்த்த முடிந்தது. லெதரெட்டின் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நாறியது.

9. வண்டி வந்த முதல் வாரம்

துணி இருக்கைக்கு வாரம் ஒருமுறை வாக்குவம் போதும். ஏதாவது சிந்தினால் தேய்க்காமல், உலர்ந்த துணியை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கறை பரவி ஆழமாக இறங்கும். லெதரெட்டுக்கு நீர்த்த சோப்புநீரில் பிழிந்த துணியே சிறந்தது. சானிடைசர் பூச்சைக் கரைக்கும். டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்புத் திரவத்தை இருக்கையில் அடித்தால் ஓட்டுநரே வழுக்குவார்.

கடைசியாக, ஷோரூமிலிருந்து வரும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்த அன்றே கிழித்து எறியுங்கள். மாதக்கணக்கில் அதைக் கழற்றாமல் ஓட்டுபவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். அடியில் வியர்வை ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், உட்கார்ந்தவர் வழுக்குவார், ஏர்பேக் விளிம்பையும் அது மூடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதைக் கிழிக்க அப்பா சம்மதிக்க மூன்று நாட்கள் ஆயின.